கோர்ட் கட்டளை இல்லாமல் வீட்டைப் பூட்ட ஏலாது

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வாடகைக்கு இருக்கிற எங்கள் ஆக்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். வீட்டுக்காரர் வந்து "நாளைக்கே எழும்புங்கோ" என்று சொன்னவுடன் நீங்கள் எழும்ப வேண்டியதில்லை. லீஸ் முடிந்திருந்தாலும் சரி, வாடகை பாக்கி இருந்தாலும் சரி, அவர் வழக்குப் போட்டு, கட்டளை எடுத்து, பிஸ்கல் (கோர்ட் கட்டளையை நிறைவேற்றுகிற அதிகாரி) மூலமாகத்தான் உங்களை வெளியேற்றலாம். ஆள் இல்லாத நேரம் பூட்டை மாற்றுவதும், கரண்டை வெட்டுவதும், சாமானைத் தூக்கி ரோட்டில் போடுவதும் சட்டவிரோதம்.

வீட்டுக்காரருக்கும் கஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடும். அதற்காகத்தான் குத்தகை முடிந்த வீட்டை விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டமும் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகச் சொல்கிறது. பிறகு எதற்கு அடாவடி?

எங்கள் சனம் பேசாமல் சாமான் கட்டுவதற்குக் காரணம் பயம். "பொலிஸில் சொல்லுவன்" என்ற ஒரு வார்த்தை போதும். 2007 ஜூன் 7 விடியற்காலையில் லொட்ஜ்களில் இருந்த 376 தமிழரைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி வெளியே அனுப்பிய நகரம் இது. அந்தப் பயம் லேசில் போகாது. ஆனால் மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டதையும் மறக்காதீர்கள்.

உங்களை வெளியே போட்டுவிட்டார்களா? உடனே பொலிஸில் முறைப்பாடு எழுதி, பிரதி எடுங்கள். "இது சிவில் பிரச்சினை" என்று திருப்பி அனுப்பினாலும் விடாதீர்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தில் 66ஆம் பிரிவு இருக்கிறது. சண்டை சச்சரவு வரக்கூடிய காணி, வீட்டுத் தகராறைப் பொலிஸ் நீதவானிடம் கொண்டுபோகலாம். அவர்கள் போகாவிட்டால் நீங்களே சத்தியக் கடதாசியோடு போகலாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் மனுப் போட்டால், உங்களைத் திரும்ப வீட்டில் இருத்த நீதவானுக்கு அதிகாரம் உண்டு. இந்த இரண்டு மாதம்தான் முக்கியம். பலர் வத்தளையில் சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கி, "பேசித் தீர்ப்போம்" என்று காத்திருந்தே அதைத் தொலைக்கிறார்கள்.

நொத்தாரிஸ் எழுதிய ஒப்பந்தம் இல்லையே என்று பின்வாங்காதீர்கள். நீதவான் அங்கே முக்கியமாகப் பார்ப்பது வீடு யாருடைய கையில் இருந்தது என்பதை. வாடகை போட்ட வங்கிச் சிட்டை, உங்கள் பெயருக்கு வந்த கடிதம், அறைகளின் படங்கள், எல்லாம் உதவும்.

லோயருக்குக் காசில்லாதவர்களுக்குப் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. "விரும்பித்தான் வெளியேறினேன்" என்று யாராவது கடதாசி நீட்டினால், கையெழுத்துப் போட முன் அங்கே போய்க் காட்டுங்கள்.