ஒளிர்வது சாயம்தான், கொலஸ்டிரால் அல்ல

ரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகளில் ஒளிரும் கொழுப்பை ஏற்றிவிட்டால் கொலஸ்டிரால் போகும் வழி முழுக்கத் தெரிந்துவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. பாதிதான் சரி. மைக்ரோஸ்கோப்பில் தெரிவது சாயம். டை-ஐ போன்ற சாயம் துகளின் மேலுறையில் உட்காரும். கொலஸ்டிரால் எஸ்டரோ (கொழுப்பு அமிலம் ஒட்டிய கொலஸ்டிரால்) உள்ளே நடுவில் இருக்கும். செல்லுக்குள் போய்த் துகள் உடைந்ததும் கொலஸ்டிரால் வெளியேறிவிடும், சாயம் செல்லின் செரிமானப் பையான லைசோசோமிலேயே தேங்கிக் கிடக்கும். துகள் செல்லுக்குள் நுழைந்ததா என்று பார்க்க இது போதும், அதற்கு மேல் நம்பக் கூடாது.

சரி, கொலஸ்டிராலிலேயே ஒளிரும் வாலை ஒட்டிவிட்டால்? அது சின்ன மூலக்கூறு. வால் ஒட்டியதும் அதன் குணமே மாறி, போகாத இடத்துக்கெல்லாம் போகும். ஈஸ்டில் கிடைக்கும், கொலஸ்டிராலுக்கு உறவான டிஹைட்ரோஎர்கோஸ்டெரால் தானாகவே ஒளிரும், நடத்தையும் கொலஸ்டிரால் மாதிரிதான். ஆனால் புற ஊதா ஒளி வேண்டும், வெளிச்சமும் மங்கல், சீக்கிரம் வெளிறிவிடும்.

எனக்குப் பிடித்தது, துகளுக்குத் துகள் கொழுப்பை மாற்றும் சி.இ.டி.பி. புரதத்தை அளக்கும் முறை. ஒரு துகளில் ஒளிரும் கொழுப்பை நெருக்கி அடைத்தால் ஒன்றின் ஒளியை இன்னொன்று அணைத்துவிடும். புரதம் அதை அடுத்த துகளுக்கு மாற்ற மாற்ற வெளிச்சம் கூடும். படமே எடுக்க வேண்டாம், வெளிச்சத்தின் அளவு மட்டும் போதும். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லையே!