லிமிட் போடாத கெமிக்கலுக்கும் லிமிட் உண்டு

சேலத்தில் அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டி பக்கம் சாயப்பட்டறை வைத்திருப்பவர்கள், வாங்கும் கேனுக்கு எம்எஸ்டிஎஸ் (கெமிக்கலின் பாதுகாப்புத் தகவல் தாள்) கேட்டு வாங்கி 8-ஆம் பகுதியையும் 11-ஆம் பகுதியையும் பாருங்கள். காற்றில் எவ்வளவு இருக்கலாம் என்பது 8-இல் இருக்கும், நச்சுத்தன்மை 11-இல். சாயத்தோடு சேர்க்கும் பல துணைக் கெமிக்கல்களுக்கு இரண்டிலும் 'தரவு இல்லை' என்றுதான் இருக்கும். 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன் இரண்டாம் அட்டவணையிலும் அவை இல்லை. அதில் இருந்ததே நூற்றுச் சொச்சம் பொருள்கள். உடனே, "லிமிட்டே போடலையே, அப்புறம் என்ன?" என்கிறார்கள். இந்தப் பேச்சு ஆபத்தானது. தரவு குறைவாக இருந்தாலும் அளவு போட முறை இருக்கிறது.

கணக்குக்காக ஒரு கெமிக்கலை வைத்துக்கொள்வோம். இருப்பது ஒரே ஒரு ஆய்வு: 28 நாள் எலிக்கு வாய்வழியாகக் கொடுத்ததில், கிலோ உடல் எடைக்கு தினம் 50 மி.கி. வரை பாதிப்பு தென்படவில்லை. ஐரோப்பிய ரசாயன முகமையின் வழிகாட்டி முறைப்படி இதைப் பட்டறைக் காற்றுக்கு மாற்றலாம். 8 மணி நேரத்தில் எலி கிலோவுக்கு 0.38 கன மீட்டர் மூச்சு இழுக்கும், எனவே 50-ஐ 0.38-ஆல் வகுக்க வேண்டும். வேலை செய்பவர் ஓய்வில் இருப்பவரைவிட அதிகம் இழுப்பார் (6.7-க்குப் பதில் 10 கன மீட்டர்), அதனால் 0.67-ஆல் பெருக்க வேண்டும். வயிற்றைவிட நுரையீரல் அதிகம் உறிஞ்சும் என்று எடுத்துக்கொண்டு பாதியாக்கினால், கன மீட்டருக்கு சுமார் 44 மி.கி. வரும்.

இங்கேயே நிறுத்துபவர்கள் உண்டு. அது பெரிய தவறு. எலிக்கும் மனிதனுக்கும் மிச்சமிருக்கும் வித்தியாசத்துக்கு 2.5, ஆளுக்கு ஆள் வேறுபாட்டுக்கு 5, 28 நாளை வைத்து வருடக்கணக்கான வேலைக்கு முடிவு சொல்வதற்கு 6. மூன்றையும் பெருக்கினால் 75. 44-ஐ 75-ஆல் வகுத்தால் 0.6 மி.கி. ஆய்வில் கொடுத்த மிகக் குறைந்த அளவிலேயே பாதிப்பு தெரிந்திருந்தால் இன்னொரு 3-ஆல் வகுத்து 0.2. நம் ஊரில் 12 மணி நேர ஷிப்ட் சாதாரணம். உடம்பில் ஏறும் நேரம் கூடி, வெளியேறும் நேரம் குறைவதால் அளவைப் பாதியாக்க வேண்டும். 0.1.

சேலத்தில் இதோடு முடியாது. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர் இருக்கும் தெருக்கள் எத்தனை! மேலே போட்ட 5 திடமான வேலையாளுக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரர், அதுவும் 24 மணி நேரமும். அங்கே 5-க்குப் பதில் 10 போட்டு, முழு நாள் மூச்சுக்கு 0.38-க்குப் பதில் 1.15 போட்டு, வேலை மூச்சுக்கான 0.67-ஐ விட்டுவிட்டால், அந்த முதல் 0.6 சுமார் 0.14 ஆகிவிடும்.

யாருக்காகக் கணக்கு என்பதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014 ஜனவரியே சாட்சி. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், நிலக்கரி கழுவும் எம்.சி.எச்.எம். என்ற கெமிக்கல் எல்க் ஆற்றில் கலந்தது. சுமார் 3 லட்சம் பேரின் குடிநீர் நின்றது. கையில் இருந்தது 4 வார எலி ஆய்வு, பாதிப்பு தென்படாத அளவு கிலோ உடல் எடைக்கு தினம் 100 மி.கி. நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதை 1000-ஆல் வகுத்து, 10 கிலோ குழந்தை 1 லிட்டர் குடிப்பதாக வைத்து, லிட்டருக்கு 1 மி.கி. என்றது. சில நாளில் கர்ப்பிணிகள் பாட்டில் தண்ணீர் குடிப்பது நல்லது என்றும் சொல்ல வேண்டிவந்தது. பிறகு தனி நிபுணர் குழு, பால்பவுடர் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தையையும், குளிக்கும்போது மூச்சிலும் தோலிலும் ஏறுவதையும் சேர்த்து 0.12 மி.கி. என்றது. அவசரத்தில் வேகமாகக் கணக்குப் போட்டது தப்பில்லை. ஆனால் எண்ணோடு சேர்த்து அது எப்படி வந்தது, யாரைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் முதல் நாளே மக்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த வகுத்தல் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ரியாக்டிவ் சாயப்பொடிகளில் சில மூச்சுக்குழாயில் ஒவ்வாமை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்கு மிகக் கொஞ்சம் தூசியே போதும், இழுப்பு வந்துவிடும். அங்கே எண்ணைத் தேடாமல் தூசியை நிறுத்துங்கள். பொடி எடை போடும் அறையில் சீலிங் ஃபேன் வேண்டாம், அது பொடியை அறை முழுக்கப் பரப்பும். தராசுக்குப் பின்னால் உறிஞ்சும் ஹூட் வையுங்கள். பொடிக்குப் பதில் திரவமாகவோ குருணையாகவோ கிடைத்தால் அதை வாங்குங்கள். சிந்தியதை விளக்குமாறால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது, முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 முகக்கவசம் வேண்டும்.

அளவு குறைவாக வருகிறதே என்று கோபப்படுபவர்கள் விற்பவரிடம் 90 நாள் ஆய்வு கேட்கட்டும். அதிலும் அதே 50 மி.கி. நின்றால் 6-க்குப் பதில் 2 போடலாம், 0.6 என்பது 1.8 ஆகும். 'தரவு இல்லை' என்பதை 'லிமிட் இல்லை' என்று நாம் ஒத்துக்கொண்டால், எந்தக் கம்பெனி காசு செலவழித்து அந்த ஆய்வைச் செய்யும்?