இருவரில் எவர் தனித்தாலும் படகு கரைசேர வேண்டும்

பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு கடல்களைச் சுற்றிவரும் தம்பதியரின் காணொளிகளை நான் பல ஆண்டுகளாக விரும்பிப் பார்த்துவருகிறேன். அவற்றைப் பார்க்கும் நண்பர்கள் பெரும்பாலும் செலவைப் பற்றியும், புயலைப் பற்றியும், கடற்கொள்ளையரைப் பற்றியுமே கேட்கிறார்கள். எனக்கு முதன்மையாகத் தோன்றும் கேள்வி வேறு. நள்ளிரவில் கணவர் தவறிக் கடலில் விழுந்துவிட்டால், மனைவியால் தனியாகப் படகைத் திருப்பி அவரிடம் கொண்டுசெல்ல முடியுமா? முடியாது என்றால், அந்தப் படகு ஆழ்கடலுக்குப் போகக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

எடுத்துக்காட்டாக, கனேரித் தீவுகளிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் தீவுகளுக்கு ஏறத்தாழ 2,700 கடல் மைல். சூறாவளிப் பருவம் அடங்கும் நவம்பர் இறுதியில் கிழக்கிலிருந்து மேற்காக நிலையாக வீசும் வியாபாரக் காற்றைப் பிடித்துப் புறப்படும் சிறிய படகுக்கு அது சுமார் மூன்று வாரப் பயணம். எந்நேரமும் ஒருவர் விழித்திருந்து சுற்றிலும் கண்காணிக்க வேண்டும் என்பது பன்னாட்டுக் கடல்விதி. ஆகவே, இரவில் ஒருவர் மேல்தளத்தில் காவல் இருக்கும் மூன்று நான்கு மணி நேரமும் மற்றவர் கீழே உறங்கிக்கொண்டிருப்பார். இருவர் சேர்ந்து செல்லும் பயணம் என்று நாம் நினைப்பது, உண்மையில் இருவரும் முறைவைத்துத் தனித்தனியே செல்லும் பயணம்தான். மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் செல்லும் படகு ஒரே நிமிடத்தில் 185 மீட்டர் கடந்துவிடும். இரண்டு மீட்டர் அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலை அந்தத் தொலைவில் கண்ணுக்குத் தெரிவதே அரிது. தானியங்கிச் சுக்கான் பூட்டியிருந்தால், விழுந்தவரை விட்டுவிட்டு, உறங்குபவரைச் சுமந்துகொண்டு படகு தன்போக்கில் போய்க்கொண்டே இருக்கும்.

1983இல் டாமி ஓல்டம் என்ற அமெரிக்க இளம்பெண்ணும், அவரை மணக்கவிருந்த ரிச்சர்ட் ஷார்ப்பும் தஹீதியிலிருந்து சான் டியேகோவுக்கு 44 அடி நீளமுள்ள ஹசானா என்ற படகை ஓட்டிச் சென்றார்கள். வழியில் ரேமண்ட் சூறாவளி படகைக் கவிழ்த்துப் புரட்டியது. கீழ்த்தளத்தில் அடிபட்டு மயங்கிக் கிடந்த டாமி ஒரு நாளுக்கும் மேலாகக் கழித்துக் கண்விழித்தபோது, பாய்மரங்கள் முறிந்திருந்தன; ரிச்சர்ட் இல்லை. மிஞ்சிய கழியையும் துணியையும் கொண்டு அவர் ஒரு பாயை ஏற்றினார். செக்ஸ்டன்ட் கருவியால் சூரியனை அளந்து தம் இருப்பிடத்தைக் கணித்தார். 41 நாள்கள் கழித்து ஹவாயின் ஹிலோ துறைமுகத்தை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 23. அவருடைய மனத்திடத்தைப் புகழ்பவர்கள், சூரியனை அளக்க அவர் முன்பே கற்றிருந்ததைப் போதிய அளவு பேசுவதில்லை. அந்தக் கல்வி இல்லாதிருந்தால், எவ்வளவு திடமிருந்தும் பசிபிக்கில் ஹவாய் எந்தத் திசையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

லின், லாரி பார்டி தம்பதியர் தம் கையால் கட்டி 1968இல் நீரில் இறக்கிய செராஃபின் 24 அடிப் படகு. அதில் எஞ்சினே கிடையாது. இருவருக்கும் பாய்த்தொழில் முழுமையாகத் தெரிந்திருந்ததால்தான் அதில் உலகைச் சுற்ற முடிந்தது. லாரி 2020இல் மறைந்த பிறகும் லின் கடலோடுவதை விடவில்லை.

இதற்கு மாறாக, காணொளிகளில் துறைமுகத்துக்குள் நுழையும் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் கணவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உரத்த குரலில் கட்டளையிடுவார்; மனைவி கயிற்றுடன் கரைக்குத் தாவுவார், அல்லது முன்புறம் நின்று நங்கூரச் சங்கிலியோடு போராடுவார். உடல்வலிமை வேண்டிய வேலைகள் கயிறும் சங்கிலியுமே. சுக்கானுக்குத் தேவை பழக்கமும் நிதானமும்தான். வலிமையே அளவுகோல் என்றால் இடங்கள் மாறியிருக்க வேண்டும். மாறாததற்குக் காரணம், படகு கணவருடையது, மனைவி உடன்செல்பவர் என்ற பழைய எண்ணம். அந்த எண்ணம் கரையில் அநீதியாக இருக்கிறது. கடலில் உயிரையே பறிக்கக்கூடியது.

மற்றவரின் வேலையையும் கற்றிருக்க வேண்டிய இந்தக் கடமை ஆண்களுக்கும் உண்டு. மூன்று வாரத்துக்கான உணவையும் நன்னீரையும் கணக்கிட்டு ஏற்றுவது, ஆடும் படகில் சமைப்பது, மருந்துப்பெட்டியில் எது எங்கே எதற்கு என்று அறிந்திருப்பது ஆகியவை பாய் கட்டுவதற்கு எவ்விதத்திலும் குறைந்த திறன்கள் அல்ல. மனைவி காய்ச்சலில் விழுந்த நாளில் எந்த மாத்திரை தருவது என்று தெரியாத மாலுமியையும் நான் முழு மாலுமியாக ஏற்க மாட்டேன்.

இத்தகைய வாழ்க்கையை விரும்பும் தம்பதியர், பெரிய படகுக்குப் பணம் சேர்க்கும்போதே, ஒருவர் மட்டும் ஏறும் சிறு பாய்ப்படகில் தனித்தனியாக, தனித்தனி ஆசிரியர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பேன். கணவரிடமே கற்கும் மனைவி, அவர் அருகில் இருக்கும்போது மட்டும் படகோட்டத் தெரிந்தவராக நின்றுவிடக்கூடும். பிறகு பெரிய படகில், நல்ல பகல்வெளிச்சத்தில், ஒரு மிதவையை நீரில் எறிந்துவிட்டு, ஒருவர் வாய்திறவாமல் உட்கார்ந்திருக்க, மற்றவர் தனியாகப் பாயைத் திருப்பி அதை எடுத்துவரப் பழக வேண்டும். இருவருக்கும் அது கைவந்த பிறகு ஆழ்கடலுக்குப் புறப்படட்டும்.