பென்னிராயல்: எண்ணெய் வேறு, செடி வேறு

பென்னிராயல் செடி பற்றிய உங்கள் கட்டுரையில், தெள்ளுப்பூச்சி விரட்ட நாய்க்கு அதன் எண்ணெய் தடவலாம் என்று சொல்லியிருப்பதைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். பென்னிராயல் குட்டையோரச் சேற்றில் படர்ந்து வளரும் புதினா இனம்தான், வாசனையும் அருமைதான். ஆனால் அதன் எண்ணெயில் பெரும்பங்கு புலகோன் என்ற வேதிப்பொருள். கல்லீரலுக்குள் போனதும் அது மென்தோஃபுரான் போன்ற நச்சுகளாக மாறி, அந்தக் கல்லீரலையே சிதைக்கிறது. 1978-ல் அமெரிக்காவின் கொலராடோவில் ஏறக்குறைய 30 மி.லி. எண்ணெயைக் குடித்த 18 வயதுப் பெண் இறந்துபோனார். தோலில் தடவியதால் நாய் ஒன்று இறந்ததும் கால்நடை மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. இயற்கையானது என்பதாலேயே பயமில்லை என்று எழுதுவது ஆபத்து.

இன்னொன்று, இந்தச் செடி இங்கிலாந்தில் எங்கும் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே இன்று அது அரிய செடி. 1981-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி பிடுங்குவதே குற்றம். தெற்கு இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் அது இன்னும் நிலைத்திருக்கக் காரணம் மேயும் மட்டக்குதிரைகளும் மாடுகளும்தான். குளிர்காலத்தில் நீர் தேங்கிக் கோடையில் வற்றும் பள்ளங்களை அவை மிதித்துக் கிளறுகின்றன, உயரமான புல்லையும் மேய்ந்துவிடுகின்றன. அப்படி வெறுமையான சேற்றில்தான் விதை முளைக்கிறது. மேய்ச்சல் நின்ற ஊர்ப் பொதுநிலங்களில் புல் மூடிச் செடி போய்விட்டது. கட்டுரையில் எழுத வேண்டியது இந்தக் கதையைத்தான்.