முதலில் .22தான்

புதிதாகத் துப்பாக்கி சுடப் பழகுபவர் நேராக 9 மி.மீ. கைத்துப்பாக்கியை எடுக்கலாம் என்ற கட்டுரையாளரின் யோசனை எனக்கு ஒப்பவில்லை. இங்கே டெக்சாஸில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். நான்காவது தோட்டாவிலேயே, வெடிக்கும் முன்பே கண் தானாக மூடிக்கொண்டது; குண்டுகளெல்லாம் இலக்குத் தாளின் இடது கீழ்மூலையில் போய் விழுந்தன. பயிற்சியாளர் எனக்குத் தெரியாமல் நடுவே ஒரு போலித் தோட்டாவைச் செருகி வைத்தார். வெடிக்கவே இல்லை, ஆனாலும் வெடிக்குமென்ற பயத்தில் துப்பாக்கியின் முனை சட்டென்று கீழே குனிந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த வாரம் .22க்கு, அதாவது 0.22 அங்குலத் தோட்டா போடும் துப்பாக்கிக்கு, மாறினேன். ஒலிம்பிக் 25 மீட்டர் போட்டிகளில் சுடுவதும் இந்த 5.6 மி.மீ. தோட்டாதான். உதைப்பு மிகக் குறைவு, விலையும் மலிவு. அப்போதுதான் முன்குறியை, அதாவது குறிபார்க்கக் குழலின் முனையில் இருக்கும் சிறு மேட்டை, பார்க்கவே நிதானம் வந்தது. அது கூர்மையாகவும் இலக்கு சற்று மங்கலாகவும் தெரிய வேண்டும்; பழகாத கண்ணோ இலக்கைத்தான் பார்ப்பேன் என்று அடம்பிடிக்கும்.

இன்னொன்று. தோட்டா இல்லாமல் விசையை அழுத்திப் பழகச் சொல்கிறார் கட்டுரையாளர். 9 மி.மீ. துப்பாக்கிகளில் பெரும்பாலும் சரி. ஆனால் பல .22களில் தோட்டாவை அடிக்கும் ஊசி, தோட்டா அமரும் காலி அறையின் விளிம்பில் மோதிப் பழுதாக்கிவிடும். கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.