துரு எடுக்க எவர்சில்வர் கரண்டி வேண்டாம்

பழைய இழைப்புளியைத் தண்ணீரில் மூழ்கவைத்து, சார்ஜரால் மின்சாரம் பாய்ச்சித் துரு எடுக்கும் முறை பற்றிய உங்கள் குறிப்பில், சார்ஜரின் பிளஸ் முனையில் எவர்சில்வர் கரண்டியைக் கட்டி, தண்ணீரில் உப்பு போடச் சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். எவர்சில்வரில் குரோமியம் உண்டு. மின்சாரம் பாயும்போது அது ஆறு இணைதிறன் குரோமியமாகக் கரையும். புற்றுநோய் வரவழைக்கும் நஞ்சு அது, சாக்கடையில் கொட்டவும் கூடாது. உப்பு போட்டால் குளோரின் வாயு வேறு வரும்.

பிளஸ்ஸுக்குக் கட்டடக் கம்பித் துண்டு போதும், நாகம் பூசியது ஆகாது. பிளாஸ்டிக் வாளியில் 4 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி சலவை சோடா. மரப்பிடி, பித்தளைத் திருகு எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் சார்ஜரின் மைனஸ்தான் கருவிக்கு. மாற்றிக் கொடுத்தால் கருவியே அரித்துப் போகும். கவ்வி பிடிக்கும் இடத்தை இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டாவிட்டால் மின்சாரம் ஏறாது. கம்பியைப் பார்த்த பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும், ஆகவே திருப்பி வையுங்கள். கம்பியும் கருவியும் ஒன்றையொன்று தொடக்கூடாது.

குமிழியாக வருவது ஹைட்ரஜன். திறந்தவெளியில் செய்யுங்கள், சார்ஜரை அணைத்த பிறகே கவ்வியைத் தொடுங்கள். வெளியே எடுத்ததும் கறுப்புப் படிவைத் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள். சில நிமிடம் தாமதித்தாலும் புதுத் துரு படரும்.