2,760 டாலர் படிப்பும் அதன் உண்மையான விலையும்

கலிஃபோர்னியாவில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களிடம் கம்யூனிட்டி கல்லூரி, அதாவது இரண்டாண்டுப் பட்டம் தரும் அரசுக் கல்லூரி, என்று சொன்னாலே முகம் சற்றுச் சுருங்கும். அதிலும் வேளாண் வணிகம் என்று சேர்த்துச் சொன்னால், மதிப்பெண் குறைந்துவிட்டதா என்ற கேள்வி உடனே வந்து நிற்கும். என் மகள் ஃப்ரெஸ்னோ பக்கத்தில் இதைத்தான் படிக்கிறாள் என்பதால் அந்தக் கேள்வி எனக்குப் பழகிவிட்டது. ஆதரித்துப் பேசுபவர்களோ, "செலவே இல்லையே" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். இரு தரப்பும் கல்லூரிக் கட்டணத்தை மட்டும் பார்க்கிறார்கள் என்பதும், இந்தக் கணக்கில் ஆகச் சிறிய தொகை அதுதான் என்பதும் என் கருத்து.

இம்மாநிலத்தில் வசிப்பவர்களுக்குக் கம்யூனிட்டி கல்லூரியில் ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். இரண்டாண்டுப் பட்டத்துக்கு வேண்டிய 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். முதன்முறையாகக் கல்லூரிக்கு வரும் முழுநேர மாணவர்களுக்கு அதையும் தள்ளுபடி செய்யும் கல்லூரிகள் பல உண்டு. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2025-26ஆம் ஆண்டுக்கான அடிப்படைக் கட்டணம் மட்டும் 6,450 டாலர். இந்த ஒப்பீட்டோடு நின்றுவிட்டால் முடிவு எளிது. ஆனால் 2025இல் இம்மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர்; வாரம் 40 மணி நேரம் உழைக்கும் ஒருவருக்கு ஆண்டுக்கு 34,320 டாலர் வரும். வகுப்புக்காக அந்த வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும் மாணவர், கட்டணத்தைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேலான வருமானத்தை இரண்டாண்டுகளில் விட்டுக்கொடுக்கிறார். இதோடு காரும் பெட்ரோலும் காப்பீடும் சேரும், ஏனென்றால் ஃப்ரெஸ்னோவைச் சுற்றியுள்ள இந்த விவசாயப் பள்ளத்தாக்கில் கார் இல்லாமல் பயிற்சிக்குப் பண்ணை வாசல் வரை போய்ச் சேர முடியாது. பெற்றோர் நிழலில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த இழப்பு கண்ணில் படுவதில்லை. பாதாம் தோப்பில் கூலி வேலை செய்யும் குடும்பத்திலிருந்து வந்து அதே வகுப்பில் உட்காரும் மாணவருக்கு அது மாத வாடகை.

பலர் கவனிக்காத இன்னொன்று, பெரும்பாலும் ஒரே கல்லூரியில் இதே பெயரில் இரண்டு பட்டங்கள் இருப்பது. ஒன்று, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வதற்கென்றே வகுக்கப்பட்டது. அதை முடித்தவர், அதற்கு இணையான பாடப்பிரிவில் சேர்ந்தால், அங்கே இன்னொரு 60 யூனிட்டில் இளநிலைப் பட்டம் பெறலாம். மற்றொன்று நேரே வேலைக்குப் போகிறவர்களுக்கானது, அதன் பாடங்கள் எல்லாமே மேற்படிப்புக்குக் கணக்கில் வரும் என்று சொல்ல முடியாது. முதல் பருவத்திலேயே எது என்று தீர்மானிக்காதவர் மூன்றாவது வருடமும் அங்கேயே உட்கார நேரும். மலிவான படிப்பு விலை கூடுவது அந்த இடத்தில்தான்.

பலனைப் பற்றிச் சொன்னால், பட்டத்தின் பெயர் தனியாக எதையும் வாங்கித் தருவதில்லை என்று நினைக்கிறேன். கணக்கியலும் மண்ணியலும் ஒரே தலைக்குள் இருப்பவரைத்தான் விளைபொருளைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் பேக்கிங் ஹவுஸ், உர விற்பனை நிறுவனம், விவசாயக் கடன் தரும் சங்கம் ஆகியவை தேடுகின்றன. என் மகளுக்கு வந்த ஒரு வீட்டுப்பாடம், ஒரு ஏக்கர் பாதாமுக்கு வரவு செலவு போடுவது. பிப்ரவரியில் பூக்கும்போது மகரந்தச் சேர்க்கைக்கு ஏக்கருக்கு இரண்டு தேனீப் பெட்டிகள், பெட்டிக்குச் சுமார் 200 டாலர் வாடகை, பிறகு தண்ணீர், உலுக்கும் இயந்திரம், தோல் நீக்கும் ஆலை என்று வரிசை நீண்டது. தண்ணீர் விலையை மாற்ற மாற்றக் கடைசி வரியில் லாபம் நஷ்டமாகிக்கொண்டே இருந்ததைப் பார்த்தபோது, நான் எம்.பி.ஏ.வில் படித்த எதையும்விட இது பயனுள்ளது என்று தோன்றியது. (அதற்கு நான் கட்டிய கட்டணத்தை இங்கே எழுத மனம் வரவில்லை.)

விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் பணம் இருக்கிறது. பூச்சியியல், பயிர்ப் பாதுகாப்பு போன்ற பாடங்களைச் சேர்த்துப் படித்தால், பி.சி.ஏ. என்று இங்கே சொல்லும் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆலோசகர் உரிமத்தை நோக்கி நகரலாம். இளநிலைப் பட்டம் இல்லாதவரும், குறிப்பிட்ட பாடங்கள் அடங்கிய 60 யூனிட்டும் இரண்டாண்டுத் துறை அனுபவமும் இருந்தால் அந்தத் தேர்வை எழுத வழி உண்டு. வணிகப் பாடங்களை மட்டும் படித்தவருக்கு அந்தக் கதவு திறக்காது.

துறையின் ஏற்ற இறக்கத்தையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 2014இல் பவுண்டுக்கு ஏறக்குறைய 4 டாலர் பெற்ற பாதாம் விவசாயிக்கு 2022இல் கிடைத்தது 1.40 டாலர். அதே 2022இல் அமெரிக்க மத்திய அரசின் கால்வாய்த் திட்டத்திலிருந்து, சாக்ரமெண்டோ, சான் வாகின் ஆறுகள் சேரும் டெல்டாவுக்குத் தெற்கே உள்ள பெரும்பாலான விவசாயிகளுக்கு ஒதுக்கப்பட்ட நீர், ஒப்பந்த அளவில் 0 சதவீதம், அடுத்த ஆண்டே 100 சதவீதம். இப்படிப்பட்ட ஊரில் விற்பனைப் பிரதிநிதியின் வேலையும் பயிரோடு சேர்ந்தே வாடும். கடன், காப்பீடு, உணவுப் பாதுகாப்புத் தணிக்கை ஆகிய பிரிவுகள் அந்த அளவுக்கு ஆடுவதில்லை என்பதால், நான் பிள்ளைகளை அந்தப் பக்கம் பார்க்கச் சொல்கிறேன்.

ஊரிலிருந்து நேரடியாக இந்தப் படிப்புக்குப் பிள்ளையை அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேறு. வெளிநாட்டு மாணவருக்கு யூனிட்டுக்குச் சில நூறு டாலர் கூடுதலாகும். எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் முதல் கல்வியாண்டில் வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்க அனுமதி கிடையாது, ஆகவே இந்தப் படிப்பின் உயிரான பண்ணைப் பயிற்சியும் சம்பளமும் தள்ளிப்போகும். அவர்கள் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இளநிலையை முடித்துவிட்டு, உதவித்தொகையோடு முதுநிலைக்கு இங்கே இடம் கிடைக்கிறதா என்று பார்ப்பதே கட்டுப்படியாகும்.